இட்டேரிக்கு ஒரு வண்டி

கண்ணு,

நீ அனுப்பிய காரை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். டிரைவர் மணியின் மேல் கோபப்படாதே. நீ சொன்னபடி கோயமுத்தூரிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, நம் திருப்பூர் ராயபுரத்துச் சந்துக்குள் அந்தப் பெரிய வண்டியை எப்படியோ நுழைத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. இப்போது உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான் எழுதி முடிக்கும்வரை இட்லி தீரக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் அவசரமில்லாமல் எழுதலாம். நீயும் அவசரமில்லாமல் படி. ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படி. உன் பெண்டாட்டிக்கும் படித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

நேற்று சாயங்காலம் போனில் நீ சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. வயசு, லாரி, மழை, ஊர் சிரிக்கும் என்று வரிசையாகச் சொன்னாய். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. கடைசியாகச் சொன்னாயே, "நீங்க யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்கம்மா. ஆனா அப்பா கார்லதான் ஏறுவாரு. உங்க பொறத்தால உக்காந்து அவரு வருவாருன்னு நெனைக்கறீங்களா?" என்று. அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. எனக்கே பதில் தெரியாது. இத்தனை மாதமாக நானும் அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். உன் அப்பா வராவிட்டால் இந்தப் பயணம் இல்லை. தனியாகப் போக எனக்குத் தைரியம் இருக்கிறது, மனசு இல்லை.

எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நம் கம்பெனியில் தைத்த பெண்களை உனக்கு நினைவிருக்கும். ஸ்கூல் விட்டு வந்தால் அவர்கள் மடியில்தான் கிடப்பாய். தேனிப் பக்கம், சிவகங்கைப் பக்கம், ராமநாதபுரம் பக்கம் என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் தலை நிமிர மாட்டாள் பாண்டியம்மாள், அவளையாவது மறந்திருக்க மாட்டாய். உன் சட்டைப் பையில் தினமும் கடலை மிட்டாய் போட்டது அவள்தான். கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு என் முன்னால் வந்து நிற்பாள். நானும் ஒவ்வொருத்தியிடமும் "உங்க ஊருக்கு வர்றேன்" என்பேன். வாய்க்கு வந்த வார்த்தை இல்லை அது, போக வேண்டும் என்று நினைத்துத்தான் சொல்வேன். ஆனால் திருப்பூரில் சிப்மெண்ட் இல்லாத வாரம் எது? பெட்டி கட்டுவதற்குள் அடுத்த ஆர்டர் வந்து நிற்கும். பாண்டியம்மாள் மட்டும் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். "எல்லாருகிட்டயும் வாரேன் வாரேன்னுதான் சொல்றீக. எங்க ஊரு கண்மாக்கரையில நீங்க வந்து நின்னாத்தாங்க்கா நான் நம்புவேன்."

கம்பெனியை உன் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது உன் அப்பாவிடம் சொன்னேன், இனி எனக்கு சிப்மெண்ட் கிடையாது, நான் ஒவ்வொருத்தி ஊருக்கும் போகப் போகிறேன் என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றார். பிறகுதான் எதில் போவது என்ற பேச்சு வந்தது.

கார் எதற்கு வேண்டாம் என்கிறேன் என்று நீ யோசித்துப் பார்த்திருக்க மாட்டாய். உனக்கு ஜெயராணி கதை தெரியாது. நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த சமயம். பருத்தி வாங்க உன் அப்பாவின் நண்பர் ஒருவர் ராஜபாளையம் போனார், காரில் இடமிருந்தது, நாங்களும் தொற்றிக்கொண்டோம். வழியில்தான் ஜெயராணியின் ஊர். கம்பெனியில் என் தட்டில் கைவிட்டு என் பொரியலை எடுத்துச் சாப்பிட்டவள் அவள். கார் அந்தத் தெருவில் நுழைந்ததும் நாய்கள் குரைத்தன, ஆட்கள் ஓடினார்கள். எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஒருத்தர் சைக்கிளில் சோடா வாங்கப் பறந்தார். கோழி பிடிக்கும் சத்தம் கேட்டது. வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஜெயராணி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நாங்கள் கிளம்பும்வரை அவள் உட்காரவே இல்லை. வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிட்டவள் அன்று என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் மாறவில்லை, அவளும் மாறவில்லை, அந்தக் கார்தான் நடுவில் நின்றது. நான் அந்த ஊர்களுக்கு முதலாளியம்மாவாகப் போக மாட்டேன், கண்ணு. ஒறம்பரையாகப் போகிறேன். விருந்தாளியாக வருபவள் புழுதியோடு வந்து, செம்புத் தண்ணீர் வாங்கி முகம் கழுவி, இருக்கிற பாயில் உட்கார வேண்டும். அதற்கு இரண்டு சக்கரம் போதும்.

பஸ்ஸில் போகலாமே என்பாய். அந்த ஊர்களுக்குப் பஸ் பாதிதான் போகும். மிச்சம் மண் பாதை, ஆற்று மணல், கண்மாய்க்கரை. அதனால்தான் எங்களுக்கு வேண்டிய வண்டி கொஞ்சம் விசித்திரமான வண்டியாகிவிட்டது. பகல் முழுக்கத் தார் ரோட்டில் சூடேறாமல் ஓட வேண்டும், சாயங்காலம் நம் ஊர் இட்டேரி மாதிரியான பாதையில், இருபுறமும் முள்வேலி நிற்கிற அந்த வண்டித் தடத்தில், புழுதிக்குள் இறங்கி ஏற வேண்டும், இரண்டு பேரையும் இரண்டு பெட்டியையும் முணுமுணுக்காமல் சுமக்க வேண்டும். இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று ஷோரூமில் போய்க் கேட்டபோது அங்கிருந்தவர் முதலில் சிரித்தார், பிறகு பெயின்ட் நிறங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார், பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பி வரலாமாம். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஏன் தெரியுமா? நீ சின்னப் பையனாக இருந்தபோது, தொழிலுக்கு வந்த புதிதில், சாம்பிளைத் தொட்டுப் பார்த்தே துணி எடுத்தோம். கையில் வெண்ணெய் மாதிரி இருந்தது. தைத்து முடித்து, ஒன்றைத் துவைத்துப் பார்த்தால், பெரிய ஆளுக்குத் தைத்த பனியன் உனக்குச் சரியாக இருந்தது. அத்தனையும் திரும்பி வந்தது. உன் பள்ளிக்கூட வயசு முழுக்க நீ போட்டது அந்தப் பனியன்கள்தான், கழுத்து மட்டும் உன் அப்பா அளவில் தொங்கும். அதற்குப் பிறகு துணியில் ஒரு சதுரம் வரைந்து, துவைத்துக் காய வைத்து, அந்தச் சதுரம் எவ்வளவு சுருங்கியது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் நாங்கள் எதையும் வெட்டியதில்லை. சாம்பிளைக் கெட்டதாக எவனும் காட்ட மாட்டான். துவைத்தால்தான் துணி யாரென்று தெரியும். வண்டிக்கு மட்டும் வேறு நியாயமா? புது வண்டியை ஓட்டிப் பார்ப்பதில்லை, வருஷக்கணக்கில் மண்ணில் அடிபட்ட வண்டிகளையே கேட்டு வாங்கி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று யோசித்தோம். உன் அப்பா ஓட்டுவார், நான் பின்னால் உட்காருவேன், என் மடியில் மூடியைக் கழற்றிய தூக்குப்போசி நிறைய மோர் இருக்கும். இட்டேரியில் போய்த் திரும்பி வரும்போது போசியில் எவ்வளவு மிச்சமோ அதுதான் வண்டிக்கு மார்க். சிரிக்காதே. நம் ஸ்கேல் அதுதான்.

முதல் வண்டி சோமனூரில் உன் பெரிய மாமாவுடையது. ஊரே திரும்பிப் பார்க்கும் அந்தக் கனத்த வண்டி. எண்பதுகளில் உன் அப்பாவிடம் இருந்ததும் அதே ஜாதிதான், நினைவிருக்கிறதா? தோட்டத்துக்குப் போகும்போது டேங்கின் மேல் உட்கார்ந்தபடியே நீ தூங்கிப் போவாய், நான் துண்டை எடுத்து உன்னையும் அவரையும் சேர்த்து இடுப்பில் கட்டிவிடுவேன். அதனால் உன் அப்பாவுக்கு அதன் மேல் ஒரு பாசம். தார் ரோட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் போனது, மோர் அசையவில்லை. இட்டேரியிலும் மோசமில்லை. ஆனால் நான் இன்னொரு பரீட்சை வைத்திருந்தேன். மண்ணில் போகிற வண்டி ஒரு நாள் விழத்தான் செய்யும், விழுந்தால் அதை நிமிர்த்துவது யார்? கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டைகள் கொண்டுபோயிருந்தேன். அவற்றை உன் மாமா வாசலில் மெத்தை மாதிரி பரப்பி, வண்டியை அதன் மேல் சாய்த்துப் படுக்க வைத்தேன். மாமா பதறிப்போய் ஓடி வந்தார். "ஏனம்மிணி, வண்டியப் போய் படுக்க வெக்கறே? அதென்ன எருமையா?" படுக்க வைத்தது எளிது. தூக்கத்தான் முடியவில்லை. நான் தூக்கினேன், உன் அப்பா தூக்கினார், இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். கடைசியில் பக்கத்து விசைத்தறிக் கூடத்திலிருந்து தறிக்காரர்கள் வந்து நிமிர்த்தினார்கள். கண்மாய்க்கரையில் தறிக்காரர்களுக்கு எங்கே போவது? வீடு வந்ததும் அந்த வண்டி வேண்டாம் என்று உன் அப்பாவே சொன்னார்.

இரண்டாவது, நம் பால்காரருடைய நூறு சிசி வண்டி. சத்தமே இல்லை, பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும் போலிருந்தது. படுக்க வைத்து நானே ஒரு மூச்சில் நிமிர்த்திவிட்டேன். இதுதான் வண்டி என்று குதித்தேன். ஆனால் ஊதியூர் மேட்டில் எங்கள் இருவரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஏறச் சொன்னபோது அதற்கு மூச்சு வாங்கியது. நான் இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் உன் அப்பா பெட்டியையும் என்னிடம் கொடுத்தார். இட்டேரியில் வண்டித் தடத்துக்கு நடுவில் இருக்கிற திட்டு அதன் வயிற்றில் நறநறவென்று இழுத்தது, மோர் பாதி என் சேலையில். ஊருக்குள் ஓட நல்ல வண்டி, எங்கள் வழிக்கு ஆகாது. உனக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன், கண்ணு. ஒரு மனுஷரையோ வேலையையோ தேர்ந்தெடுக்கும்போது நல்லதா கெட்டதா என்று மட்டும் பார்க்காதே, நீ போகிற வழிக்கு ஆகுமா என்று பார். வழியை முதலில் முடிவு செய்துகொள். பால்காரர் அந்த வண்டியில் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

மூன்றாவது வண்டி கணியூரில் கிடைத்தது. அந்தப் பக்கம் காற்றாலைகள் முளைத்திருக்கின்றன அல்லவா, அதில் ஒரு கம்பெனிக்கு நாம் பனியன் தைத்துக் கொடுத்தபோது பழக்கமானவர் சலீம். காற்றாலைகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அவை நிற்பதெல்லாம் காட்டுக்குள், ரோடே இல்லாத இடத்தில். சலீம் தன் வண்டிக்கு ஹேண்டில்பாரை உயர்த்தி, இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு அடித்து, பின்னால் பட்டை பட்டையாய்ப் பல் வைத்த டயர் போட்டு, இரண்டு பக்கமும் தகரப் பெட்டி மாட்டியிருந்தார். பெரிய மாமா வண்டிக்கும் பால்காரர் வண்டிக்கும் நடுவில் ஒரு எடை. மேலே சேறு காய்ந்து அப்பியிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது. நாகர்கோவில் பக்கம் மாற்றலாகிறது, அங்கே ஜீப் கொடுக்கிறார்கள், யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று சலீம் சொன்னார். அப்புறம் என்ன, துவைத்துக் காய்ந்த துணியே கைக்கு வந்துவிட்டது. மூட்டை பரப்பிப் படுக்க வைத்தேன், முக்கி முனகி நானே நிமிர்த்தினேன். உன் அப்பா ஏறி உட்கார்ந்தார், நான் போசியோடு பின்னால் ஏறினேன். காற்றாலைகளுக்கு அடியில் போகும் மண் பாதையில் வண்டி சொன்ன பேச்சு கேட்டது. மோர் தளும்பியது, சிந்தவில்லை. என் மனசு அப்போதே பாண்டியம்மாள் ஊருக்குப் போய்விட்டது.

அப்போதுதான் மணல் வந்தது. ஓடை குறுக்கே போகிற இடம். அங்கே கிளட்சைப் பிடித்துக் கியரைக் குறைக்க வேண்டும். கியர் மாறவில்லை, வண்டி உறுமியது, நின்றது, மெதுவாகச் சாய்ந்து எங்கள் இருவரையும் கிளுவை வேலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அடி ஒன்றும் இல்லை. முள்தான். மோர் முழுக்க வேலிக்கு. நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன், உன் அப்பா எழவில்லை. இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு அவர் கை பற்றித் தெரியாது, எனக்கே பாதிதான் தெரியும். முதலில் கத்திரியிலும் பிறகு அதிருகிற கட்டிங் மிஷினிலுமாக வாழ்நாள் முழுக்கத் துணி வெட்டிய கை. விரல்கள் மரத்துப்போகின்றன. காபி டம்ளரை ஏன் இரண்டு கையாலும் பிடிக்கிறார் என்று கேட்டால் குளிர் என்பார், சித்திரை மாதத்திலும் குளிர். அன்று வேலியோரத்தில் அவர் சொன்னார், "கிளட்சு எங்க இருக்குதுன்னே வெரலுக்குத் தெரியலை, புள்ள." பிறகு, பயணம் வேண்டாம் என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஊரு என்ன சொல்லும்" என்றார். ஊர் இதற்கு முன்பு என்ன சொன்னது என்று அவருக்கு நினைவுபடுத்தினேன். உனக்கும் சொல்கிறேன். எண்பதுகளில் நான் மொபெட் வாங்கி, முன்னால் வெட்டின பீஸ் மூட்டை, மூட்டையின் மேல் நீ, பின்னால் இன்னொரு மூட்டை என்று பிரிண்டிங் பட்டறைக்கும் கம்பெனிக்குமாக ஓட்டியபோது இந்த ராயபுரமே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுப் பெண்கள் இன்று மொபெட்டில்தான் காய்கறிக்குப் போகிறார்கள். ஊர் சிரிக்கும், பிறகு வண்டி வாங்கும். அதற்காக நாம் நிற்க முடியாது. அன்று கணியூரிலேயே சலீமிடம் வண்டி எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரமாகப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்.

சந்தை இல்லாத நாட்களில் சந்தைத் திடலில் பழகினேன். எனக்குக் கிளட்சும் தெரியாது கியரும் தெரியாது, மொபெட்டில் முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். சேலை ஆகாது என்று முழுக்கால் பேன்ட்டும் நீளச் சட்டையும் தைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் உடுப்புத் தைத்தவளுக்குத் தனக்கு ஒரு பேன்ட் தைக்கத் தெரியாதா? உன் அப்பா பேப்பர் படிக்க வருவதுபோலத் திடலோரப் புளிய மரத்தடிக்கு வருவார். வந்து பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைத் திட்டுவார். கிளட்சை மெல்ல விடு, பாதையைப் பார், சக்கரத்தைப் பார்க்காதே, மணலில் பிரேக்கைத் தொட்டால் தொலைந்தாய் என்று. அவர் திட்டியதிலேயே முழுசாகப் பழகிவிட்டேன். லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் அதிகாரி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஓட்டுகிறவர் எங்கே என்று கேட்டார். நான் வண்டியில் ஏறி எட்டுப் போட்டுக் காட்டினேன். கால் ஊன்றவில்லை. அவர் பேனாவை எடுத்தார். வெளியே வந்து உன் அப்பாவிடம் லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றேன். திருப்பும்போது தோளை விறைக்கிறாய் என்றார்.

எல்லாம் செய்தார், வண்டியில் மட்டும் ஏறவில்லை. ஏறுங்கள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டு ஏறுகிற ஆள் இல்லை அவர், உனக்கும் தெரியும். ஆனால் பின்னால் பாரம் இல்லாமல் பழகினால் எப்படி? பனியன் வேஸ்ட்டை உன் அப்பாவின் எடைக்கு ஒரு சாக்கில் திணித்து, பின் சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டேன். தினமும் அந்த மூட்டையோடு மங்கலம் ரோட்டைத் தாண்டி, மிச்சமிருக்கிற இட்டேரியில் போய் வருவேன். பக்கத்து வீட்டார் "அண்ணன் எங்கீங்க கெளம்பிட்டாரு?" என்று மூட்டையைப் பார்த்துக் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே போவேன். உன் அப்பா சிரிக்க மாட்டார். வாசலில் நின்று மூட்டையை முறைத்துப் பார்ப்பார். ஒரு நாள் "அது கோணையா உக்காந்திருக்குது" என்றார். நான் மூட்டையை நிமிர்த்திக் கட்டினேன். இப்படியே நாள் ஓடியது, நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று, அவர் வருகிறாரா என்று மட்டும் எனக்குத் தெரியாது. நேற்று உன் போன் வந்தபோது நிலைமை இதுதான்.

இன்று காலையில் மணி காரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு நடந்ததை அவனிடமே கேட்டுக்கொள். அவன் பொய் சொல்ல மாட்டான். நான் எப்போதும்போல வண்டியை வெளியே தள்ளி, மூட்டையைக் கட்டி முடித்து, போசியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மணி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஐயா, சின்னய்யா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாருங்க. ஏறுங்க" என்றான். உன் அப்பா குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் நின்றார். வெளியூர் போகும் சட்டை அது. படியிறங்கி காரிடம் போனார். உள்ளே எட்டிப் பார்த்து, சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். நான் மோரை ஊற்றிக்கொண்டே இருந்தேன், அது வழிந்து தரையில் போவதைக்கூடக் கவனிக்கவில்லை.

அவர் கதவைச் சாத்தினார். வண்டிக்கு வந்து, மூட்டையின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் போட்ட முடிச்சு. மரத்துப்போன விரல்களுக்கு அது பெரிய வேலை, நகத்தால் நெம்புகிறார், வழுக்குகிறது, பல்லை வைத்து இழுக்கிறார். மணி உதவிக்கு ஓடினான், நான் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. முடிச்சு அவிழ்ந்தது. மூட்டையைக் கட்டியணைத்து இழுத்துப் போய்க் காரின் பின் சீட்டில் தள்ளினார். "இதைக் கூட்டிட்டுப் போய் சின்னய்யாகிட்ட உடு" என்று மணியிடம் சொல்லிவிட்டு என் கையிலிருந்த போசியை வாங்கிக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்தார். "போலாம், புள்ள."

மங்கலம் ரோட்டில் போனோம். அவர் ஒரு கையில் போசியை நழுவாமல் மார்போடு அணைத்திருந்தார், இன்னொரு கை சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது, அந்த இறுக்கம் வண்டி வழியாகவே எனக்குத் தெரிந்தது. இட்டேரிக்குள் இறங்கினேன். பாதையைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்க்கவில்லை. தோளை விறைக்கவில்லை. மணலில் பிரேக்கைத் தொடவில்லை. வளைவுகளில் அவர் மூட்டை மாதிரி விறைத்து உட்காரவில்லை, என்னோடு சேர்ந்து சாய்ந்தார். வீட்டு வாசலில் வந்து நிறுத்தியதும் திரும்பி, எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். போசியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அத்தனையும் சிந்திவிட்டதா என்றேன். வெள்ளைச் சட்டையில் ஒரு கறையும் இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

"சிந்துலீங்க, டிரைவரம்மா" என்றார். "தாகமா இருந்துச்சு. குடிச்சுப்போட்டேன்."

உள்ளே வந்து, இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு டம்ளரையே இரண்டு கையாலும் பிடிக்கிற மனுஷர். அந்தக் குண்டும் குழியுமான பாதையில், என் பின்னால் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் மோர் குடித்திருக்கிறார்.

மூட்டையைப் பத்திரமாக இறக்கி வை. நாளைக் காலையில் கிளம்புகிறோம். முதலில் பாண்டியம்மாள் ஊர்.

அம்மா